தவணை கேட்ட வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை நடந்தவற்றை, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. காலையில் நானும், என் கணவர் நிசாமும், எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் தாதி ஜபுவும் அந்த அறையில் செருப்பில்லாமல் தரையில் உட்கார்ந்தோம்.

2. ஜபு தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசு ஒன்றில் தன் நாட்டு மூலிகைச் சருகை வைத்துக் கொளுத்தினாள்.

3. லண்டன் ஈரத்தில் சருகு நமத்துப்போயிருந்தது. புகை வேண்டியதற்கு மேல் வந்தது. நிசாம் ஜன்னலைத் திறந்தார்.

4. எதிர்வீட்டுக்காரர் எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

5. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்தது.

6. சப்பாத்துக் காலோடு ஆட்கள் உள்ளே ஏறி, தீயைத் தேடி, கிடைக்காமல், பீரிசில் தண்ணீர் ஊற்றினார்கள்.

7. அவர்களுடைய பெரியவர் எங்கள் பெயர், நாடு, தொழில் எல்லாம் எழுதிக்கொண்டார்.

8. ஜபுவின் தொழிலுக்கு நேரே எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் விழுந்தது.

முதல் ஏழும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. எட்டாவது அப்படியல்ல. மூன்று வருடப் படிப்பை முடித்து, கடைசிச் சோதனையிலும் தேறிய ஜபுவுக்கு, தாதி என்று நெஞ்சில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் மட்டும் பாக்கி. அதை ஆஸ்பத்திரி மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது. அவள் கனவு காண்கிறாள் என்பது காரணம்.

*

எங்கள் ஊர் மாத்தளையில் இதை வாசிப்பவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டும். ஆப்பிரிக்காவின் தெற்கில் சுவாசிலாந்து என்றொரு சின்ன மலைநாடு. நமக்குப் பிறகு சுதந்திரம் வாங்கிய நாடு. அங்கிருந்து தாதிப் படிப்புக்கு வந்தவள். நான் அதே ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கொழும்பில் படித்துத் தேறிய வேலைதான். இங்கே வந்து அதையே மறுபடியும் படித்துத் தேற வேண்டியிருந்தது. கொழும்பு இரத்தமும் லண்டன் இரத்தமும் வேறு வேறு என்று இவர்களுக்கு ஓர் எண்ணம்.

ஜபு எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, முகம்கூடக் கழுவாமல் குசினிக்குள் வந்து, நான் தேயிலை போடும்போது சொல்லத் தொடங்கினாள். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான்; இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“ராத்திரி என் அத்தை வந்தார். செத்துப்போனவர். முகம் சரியில்லை.”

நான் கையை நீட்டி அவளுடைய வாயை மறித்தேன்.

“சொல்லாதே. கெட்ட கனவை யாரிடமும் சொல்லக் கூடாது. இடது பக்கம் மூன்று தரம் துப்பிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படு. ஒன்றும் செய்யாது.”

கையைக் கழுவாதே என்று ஒரு தாதியிடம் சொன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

“துப்பிவிட்டால் அனுப்பியவருக்கு யார் பதில் சொல்வது?”

“யார் அனுப்பியவர்?”

“கனவை அனுப்பியவர்.”

எங்கள் வீட்டில் கனவு ஒருவர் அனுப்புகிற சாமான் அல்ல. உம்மா சொல்வது இவ்வளவுதான்: “கெட்ட கனவெண்டா வாய்க்குள்ளயே வச்சிக்க. நல்ல கனவெண்டா ஒன்மேல பாசமுள்ளவங்கக்கிட்ட மட்டும் சொல்லு. வாசல்ல நிண்டு ஊருக்குச் சொல்லாத.” எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணம் பேசியிருந்த சமயம், பல் விழுவதாகக் கனவு கண்டுவிட்டாள். சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை, சோறும் தின்னவில்லை. பின்னேரம் உம்மா கிராம்பெண்ணெய்ப் போத்தலோடு வந்து, “எந்தப் பல்லு புள்ள வலிக்கிது?” என்று கேட்டார். ராத்தா அழுதுவிட்டாள். அப்போதும் கனவைச் சொல்லவில்லை.

ஜபுவின் வீட்டில் எல்லாம் நேர்மாறு. எழும்பியதும் முதல் வேலை கனவைச் சொல்வது. சொல்லாமல் வைத்திருந்தால் அது புளித்து உடம்பில் ஏறும். கேட்கிறவள் சும்மா தலையாட்டவும் கூடாது. சொன்னது சரியென்று பட்டால் கைதட்டி, ‘சியவூமா’ என்று சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்கிறோம் என்று பொருள்.

சொன்னால் ஆபத்து என்று வளர்ந்தவளும், சொல்லாவிட்டால் ஆபத்து என்று வளர்ந்தவளும் ஒரே குசினியில். முடிவில், அவள் சொல்வாள், நான் தேயிலையை ஆற்றிக்கொண்டே கேட்பேன், பதில் மட்டும் சொல்லமாட்டேன் என்று பழகிவிட்டது. அவளுக்கு அது அரைக் கிணறு. எனக்கு அதுவே அதிகம்.

பதில் சொல்ல எங்கள் மகள் இருந்தாள். ரிஸ்னாவுக்கு ஐந்து வயது. அவளுடைய தமிழ் நாளுக்கு நாள் இங்கிலீசின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது.

“வாப்பா, நான் ஒரு கனவு வச்சிருந்தேன்.”

“வச்சிருந்தா காட்டு பார்ப்பம்,” என்பார் நிசாம்.

“ஒரு யானை. பஸ் கியூவில நிண்டிச்சி.”

நிசாம் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாக்காரர். லக்கலைப் பக்கம் காடு வெட்டிப் பயிரிடும் சேனைகளில் யானை இறங்கும் கதைகளை அவர்தான் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ரிஸ்னா அதையே இங்கிலீசிலும் சொல்ல, ஜபு தன் வழக்கப்படி முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லாமல் கேட்டாள்:

“யானை என்ன கேட்டது?”

“பஸ் கேட்டிச்சி.”

“லக்கலைக்கு பஸ் இல்லேங்கிறது யானைக்கும் தெரிஞ்சி போச்சி,” என்றார் நிசாம். ரிஸ்னா கைதட்டி, “சியவூமா!” என்றாள்.

பிறகு பள்ளிக்கூடத்திலும் தொடங்கிவிட்டாள். டீச்சர் காலையில் இன்று மழை என்று சொன்னாலும் கைதட்டி சியவூமா. என்னைக் கூப்பிட்டு, இது எந்த மதத்துச் சடங்கு, இலங்கைச் சடங்கா என்று கேட்டார்கள். இல்லை என்று விளக்கப் போனேன். விளக்க விளக்க அந்த டீச்சருடைய முகம் இன்னும் அன்பாகிக்கொண்டே போனது. இந்த நாட்டில் அன்பான முகத்தைப் பார்த்தால் எனக்குப் பயம். அதற்குப் பின்னால் ஒரு விண்ணப்பப் பத்திரம் வரும்.

*

ஜபுவின் கனவு இதுதான். ஓர் ஆற்று மடு. கரையில் அவளுடைய அப்பாவின் அக்கா பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார். அவர் உயிரோடிருந்த காலத்தில் ஊரில் பேர்பெற்ற வைத்தியர். கனவில் காட்டப்படுவதைக் கொண்டு நோய் பார்ப்பவர். கையில் வெள்ளைப் பாசிமணிக் கோவை. அதை நீட்டுகிறார். எழும்பும்போது ஜபுவுக்கு இரண்டு தோளிலும் மூட்டை சுமந்ததுபோல வலி. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது.

அவளுடைய ஊரில் இது தெளிவான விஷயம். வைத்தியத்தின் வழி அடுத்தவரைக் கூப்பிடுகிறது. கூப்பிடப்பட்டவர், போய் ஒரு குருவிடம் சேர்ந்து கற்கும்வரை நோயாளிதான். சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பிள்ளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அப்படி. போகமாட்டேன் என்று சொல்ல முடியாத பேராதனை.

அதனால்தான் வார்டுப் பொறுப்பாளர் “ஏன் களைப்பாக இருக்கிறாய்?” என்று கேட்டபோது ஜபு உள்ளதைச் சொன்னாள். பொறுப்பாளர் மேலே சொன்னார். மேலே இருந்தவர்கள் மனநல டாக்டரிடம் சொன்னார்கள். டாக்டர் முறைப்படி முதலில் இரத்தம் எடுக்கச் சொன்னார். அந்தக் குழாய் என் மேசைக்கு வந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேன். இரத்தச்சோகை இல்லை. தொற்று இல்லை. கண்ணாடித் தகட்டில் அணுக்கள் அழகாக இருந்தன. இயல்பு, இயல்பு, இயல்பு என்று எழுதி அனுப்பினேன். ஒரு பிழையும் இல்லாத வேலை. அந்த இயல்புதான் அவளைப் பிடித்தது. இரத்தத்தில் நோய் இல்லையென்றால் மனத்தில் நோய் என்று தீர்ப்பாயிற்று.

மாத்திரை கொடுத்தார்கள். கனவு நின்றது. தோள் வலி நிற்கவில்லை.

“அத்தை வாசலில்தான் நிற்கிறார்,” என்றாள் ஜபு. “நான் கதவைப் பூட்டியிருக்கிறேன். மாத்திரை என்பது ஒரு பூட்டு, அவ்வளவுதான்.” சில வாரம் விழுங்கிவிட்டு, டாக்டரிடமே சொல்லிவிட்டு நிறுத்தினாள். அதையும் அவளுடைய கோப்பில் எழுதினார்கள்.

இதைப் பார்த்த நாட்களில் எனக்குச் செல்லம்மாவின் நினைப்பு வந்தது. மாத்தளைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பாவின் பண்டகசாலைக்கு மிளகு புடைக்க வருவாள். ஒரு தடவை அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கி, சாமி வருவதுபோல வந்து, பிரட்டுக் களத்திலேயே விழுந்துவிட்டாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. தோட்டத்து டிஸ்பென்சர் வாயில் காய்ச்சல் குச்சியை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வேலைக்குத் தகுதி என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

“குச்சியில ஏறலைன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தமாங்க மொதலாளி?” என்று வாப்பாவிடம் வந்து கேட்டாள். வாப்பா தராசுப் பக்கம் திரும்பினார். அவர் மிளகு வியாபாரி.

லயத்து வரிசை வீட்டில் கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடித்தார்கள். தோட்டத்துத் துரைக்குத் தெரிந்து, செல்லம்மாவின் புருஷனுக்கு அன்றைய பேர் போடாமல் சம்பளத்தை வெட்டினார்கள். அடுத்த கிழமை அவள் மிளகு புடைக்க வந்தாள், சிரித்துக்கொண்டு. உடுக்கை குணமாக்கியதா, படுத்து எழும்பியது குணமாக்கியதா, தானாகவே போனதா, எனக்குத் தெரியாது. என்னிடம் அவளுடைய இரத்தம் இல்லை. இருந்திருந்தாலும் இயல்பு என்றுதான் எழுதியிருப்பேன்.

கருவி ஒன்றும் காட்டாவிட்டால், தோட்டத்தில் அவள் பொய்க்காரி. இங்கே இவள் பைத்தியக்காரி. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு சொல் இருக்க வேண்டும். படித்த இரண்டு ஊரிலும் அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

*

அடுத்து வியாழக்கிழமை விவகாரம்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் மண்டபம். கிறிஸ்தவக் கோயில். வியாழக்கிழமை பின்னேரங்களில் அங்கே ஆப்பிரிக்கக் கனவு வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் ஆப்பிரிக்காவில் கொஞ்ச காலம் சுற்றித் திரிந்த வெள்ளைக்காரர். கழுத்தில் பாசிமணி. முன்னால் ஒரு மேளம். பணம் கட்டி உள்ளே போக வேண்டும். ஆப்பிரிக்கர் யாராவது வந்தால் இலவசம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டிருந்தார்கள்.

“பதில் சொல்லத் தெரிந்த ஒருவராவது இருக்கலாம்,” என்று ஜபு போனாள். துணைக்கு நான்.

எல்லோரும் கம்பளியில் படுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கனவு சொன்னார்கள். எதைச் சொன்னாலும் மற்றவர்கள் கைதட்டி சியவூமா என்றார்கள். ஒரு பெண், செத்துப்போன தன் நாய் கூரைக்கு மேலே பறந்ததாகச் சொன்னாள். பெரிய சியவூமா. ஜபு கையை உயர்த்தினாள்.

“நாய் என்ன கேட்டது?”

“ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பறந்தது.”

“ஒன்றும் கேட்காத நாய்க்கு எதற்குப் பதில்?”

பாசிமணிக்காரர் மெதுவாகச் சிரித்து, இங்கே சரி பிழை என்று ஒன்றும் கிடையாது என்றார். ஜபு என் காதில் சொன்னாள்: “எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டால், சொல்கிறவளுக்கு வழி எப்படித் தெரியும்?” பிறகு அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, சிலோனில் பேய் நடனக்காரர்கள் இருக்கிறார்களே, அதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். எங்கள் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் யாருக்காவது சுகமில்லாவிட்டால் அவர்களைக் கூப்பிடுவார்கள், வியாழக்கிழமை என்பதற்காகக் கூப்பிடமாட்டார்கள் என்றேன். சிலர் இதற்கும் கைதட்டினார்கள்.

கைதட்டியவர்களில், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடி, கால் மடித்து உட்கார்ந்திருந்தவர் எங்கள் மனநல டாக்டர்.

அடுத்த கிழமை வேறொரு நோயாளியின் முடிவைக் கேட்டு அவர் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். கேட்க வேண்டியதை நான் மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

“வியாழக்கிழமை நீங்களும் கைதட்டினீர்கள்.”

“ஆமாம். நல்ல ஓய்வு. உங்களுக்குப் பிடித்ததா?”

“ஜபு சொல்வதும் அதையேதான். அதை ஏன் நோய் என்று எழுதினீர்கள்?”

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார். “அங்கே வருகிறவர்கள் யாரும் அதை நிஜம் என்று நம்புவதில்லை, மிஸிஸ் நிசாம். வித்தியாசம் அதுதான்.”

“நம்பாமல் கைதட்டினால் ஓய்வு. நம்பினால் நோய்.”

“கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறீர்கள்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அது வெறும் கனவு, தான் அதை நம்பவில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அடுத்த கூட்டத்திலேயே பேட்ஜ் கிடைக்க நானே பேசுகிறேன்,” என்றார்.

நல்ல மனிதர். அதுதான் என் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஜபுவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

“என் அப்பாவின் அக்காவைத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டால், பிறகு என் கையிலிருந்து ஒரு நோயாளி எதை நம்பி மருந்து வாங்குவான்?”

“அப்படியென்றால் பேட்ஜ் வேண்டாமா?”

“வேண்டும். அதற்குத்தானே வந்தேன். தம்பிமார் படிக்கிறார்கள். பேட்ஜும் வேண்டும், அத்தையும் வேண்டும்.”

இரண்டும் வேண்டுமென்றால் அவளுடைய ஊரில் ஒரு வழி இருக்கிறது. இறந்தவர்களிடம் தவணை கேட்கலாம். வருகிறேன், மறுக்கவில்லை, கையில் ஒரு வேலை இருக்கிறது, கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. பலர் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கிறார்களாம். ஆனால் தனக்காகத் தானே கேட்கக் கூடாது. நம் ஊரில் பெண் தன் கல்யாணத்தைத் தானே பேச முடியாதல்லவா, அதுபோல. ஊரிலிருந்து படிக்க வந்த ஒருவரிடம் அவளுடைய அம்மா மூலிகைச் சருகையும், சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் கொடுத்து அனுப்பியிருந்தார். அம்மாவின் பேரால் ஜபு அதைச் சொல்வாள். பக்கத்திலிருந்து ஒத்துக்கொள்ள வீட்டார் வேண்டும்.

“வீட்டார் என்றால் இங்கே நீங்கள்தான்,” என்றாள்.

இறந்தவர்களிடம் கேட்பது எங்கள் மார்க்கத்தில் இல்லை. கேட்பது அல்லாஹ்விடம் மட்டும். நிசாமிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“ஏன் புள்ள, ஒங்க மாமி ஸியாரத்துல அவ்லியா கபுரடிக்குப் போய் நேர்ச்சை வச்சது மறந்து போச்சா?”

“அது மாமி. நான் நானு.”

“சரி சரி. லண்டன் வந்து மௌலவியாகிட்டீங்க.”

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் வேலையில் ஒரு விதி உண்டு: கண்ணாடியில் நானே பார்த்ததற்குத்தான் கையெழுத்துப் போடுவேன். அதையே ஜபுவிடம் சொன்னேன். நான் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டேன். நீ சொல்வதில் உண்மை என்று எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் சியவூமா சொல்வேன். தெரியாததற்கு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அவள் மனம் நோகும் என்று நினைத்தேன். “அதுதானே முறை!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தெரியாததற்கு ஒத்துக்கொள்கிறவர்கள் வியாழக்கிழமை நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு எந்த நாள் நல்ல நாள்?”

வெள்ளிக்கிழமை என்றேன்.

*

அந்தச் சருகின் வாசனை, காய்ந்த மிளகுக்கொடியைத் தேனில் நனைத்து எரித்ததுபோல இருந்தது. ஜபு முழந்தாளிட்டாள். முதலில் பெயர்கள். அப்பா, அப்பாவின் அப்பா, அவருக்கும் முன்னால் என்று ஒரே மூச்சில். பிறகு அம்மாவின் வார்த்தைகள். எங்களுக்காக ஒவ்வொன்றையும் ஆங்கிலத்திலும் சொன்னாள்.

“இவள் படிப்பை முடித்துவிட்டாள்.”

எனக்குத் தெரியும். கைதட்டினேன். “சியவூமா.”

“வேலையில் சோம்பல் இல்லாதவள்.”

“சியவூமா.”

“இவளுக்குத் தோள் வலிக்கிறது.”

“சியவூமா,” என்று நிசாம் முந்திக்கொண்டார். என் பக்கம் சரிந்து, “படியேறக்குள்ள மொனகுற சத்தம் மேல வரைக்கும் கேக்குதே,” என்றார்.

“இவளை அத்தை கூப்பிடுகிறார்.”

அது எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜபு தலையசைத்து, மேலே போனாள்.

“இவள் மறுக்கவில்லை. தவணை கேட்கிறாள்.”

கேட்கிறாள் என்பது என் கண்முன்னால் நடக்கும் விஷயம். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் தெருவில் மணிச் சத்தமும், கதவில் இடியும்.

அதற்குப் பிறகு நடந்ததை மேலே எழுதிவிட்டேன். விட்டுப்போனவை சில. பெரியவர் பீரிசைக் குனிந்து பார்த்து, என்ன சமையல் என்று கேட்டார். சமையல் இல்லை, ஒரு வேண்டுதல் என்றார் நிசாம். எதற்காக என்று கேட்டார். நிசாம் என்னைப் பார்த்தார். “தவணைக்காக,” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். நாடு எது என்றபோது நான் ஸ்ரீலங்கா என்றேன். அதே நேரத்தில் நிசாம் சிலோன் என்றார். “ஒரே வீட்டில் புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு நாடா?” என்றார் பெரியவர். பெயர் மாறிவிட்டது என்று விளக்கினோம். எங்கள் பாஸ்போர்ட்டில் இன்னும் மாறவில்லை என்பதையும் விளக்க வேண்டி வந்தது. ஒரு கோப்பை தேயிலைகூடக் குடிக்காமல், கம்பளத்தில் சேற்றை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜபு ஈரச் சாம்பலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசி வார்த்தைக்குப் பதில் விழவில்லை. விழாவிட்டால் கேட்டது நிறைவில்லை.

“சியவூமா,” என்றேன்.

“இப்போதா? எல்லோரும் போயிருப்பார்கள்.”

“யார், தீயணைப்புக்காரர்களா?”

“இரண்டு கூட்டமும்தான்.”

“நீ கேட்டதை நான் பார்த்தேன். சப்பாத்துக் காலோடு யார் வந்தாலும் அது பொய்யாகாது. சியவூமா.”

அவள் துணியை எடுத்துக் கம்பளத்தைத் துடைக்கத் தொடங்கினாள். கையைத் தோளுக்கு மேலே எடுக்காமல், குனிந்தே.

*

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. வீட்டுக்காரி என்ற முறையில். மேசைக்கு அந்தப் பக்கம் தலைமைத் தாதி, காரியாலயத்து மனிதர் ஒருவர், டாக்டர். தீயணைப்புப் பகுதியிலிருந்து தகவல் போயிருந்தது.

“உங்கள் வீட்டில் அவள் இறந்தவர்களோடு பேசினாளா?” என்று காரியாலயத்து மனிதர் கேட்டார்.

“பேசினாள்.”

“என்ன பேசினாள்?”

“இந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்ய நேரம் கேட்டாள்.”

எழுதிக்கொண்டிருந்த அவருடைய பேனை நின்றது. தலைமைத் தாதி இருமினார். டாக்டர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை தட்டிய கைகள்.

அவள் என்றைக்காவது வேலைக்குப் பிந்தினாளா என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: காலையில் கனவைச் சொல்வாள், நான் கேட்பேன், பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவோம், பஸ்ஸைத் தவற விட்டதில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல அந்த அறையில் வழியில்லை. தீயணைப்புப் பகுதியின் முழு அறிக்கை வர வேண்டும், பிறகு கூட்டம் கூட வேண்டும், அதற்கு முன் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும், அதற்கு முன் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

இரத்தம் மறுபடி என் மேசைக்கு வந்தது. மறுபடி இயல்பு.

புதன்கிழமை காலை ஜபு முகம் கழுவாமல் குசினிக்குள் வந்தாள். ரிஸ்னா மேசையில் வெண்ணெய் பூசிய பாண் துண்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

“அத்தை வந்தார். பாசிமணியைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். பாயைச் சுருட்டினார். மேட்டில் ஏறிப்போய்த் திரும்பிப் பார்த்து, இரண்டு அறுவடை என்றார்.”

“அறுவடைண்டா என்ன உம்மா?” என்று கேட்டாள் ரிஸ்னா. நெல் வெட்டுவது என்றேன். நெல் என்றால் என்ன என்று கேட்டாள். பாணைத் தின்று முடி என்றேன்.

ஜபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய கனவுக்குள் இருக்கவில்லை. அதற்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அது அவளுக்கும் தெரியும். சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி, உயரத் தட்டிலிருந்து தேயிலை டின்னை எடுத்தாள். மாதக்கணக்கில் அந்த டின்னை எடுத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது.

ஏன் என்று நான் எழுதமாட்டேன். பார்த்தேன் என்று எழுதலாம்.

“சியவூமா,” என்றேன்.

இன்றைய நிலை: ஜபு கையெழுத்துப் போடவில்லை. வார்டுக்கு அவளை விடவில்லை. கீழ்த்தளத்தில் காயத்துணி மடிக்கும் வேலை. வியாழக்கிழமை வகுப்பு வழக்கம்போல நடக்கிறது. முன்னறைக் கம்பளத்தில் சேற்றுக் கறை போகவில்லை. இறந்தவர்கள் இரண்டு அறுவடைக்குத் தவணை கொடுத்துவிட்டதாக ஜபு சொல்கிறாள். ஆஸ்பத்திரியின் பதில் இன்னும் வரவில்லை.